உஷார்! விரையில் நரம்பு சுருண்டிருக்கிறதா? மறைத்து வைக்காதீர்கள்

குளிக்கும்போது இடது விரைக்கு மேலே, தோலுக்கு அடியில், மெத்தென்று ஏதோ சுருண்டு கிடப்பது கையில் தட்டுகிறதா? நின்றால் தெரிந்து, படுத்தால் காணாமல் போகிறதா? ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அந்தப் பக்கம் மட்டும் பாரமாகக் கீழே இழுக்கிறதா? அப்படியானால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அது வேரிகோசீலாக இருக்கலாம். விரையிலிருந்து ரத்தத்தை மேலே எடுத்துச் செல்லும் நாளங்கள் வீங்கி, முறுக்கிக்கொண்டு நிற்கும் நிலைக்கு அந்தப் பெயர். வளர்ந்த ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. நெய்வேலியில் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் 50 ஆண்கள் ஏறினால் ஏழெட்டுப் பேருக்கு இருக்கும் என்று கணக்கு. அந்த ஏழெட்டுப் பேரில் எத்தனை பேர் டாக்டரிடம் காட்டியிருப்பார்கள்?

பெரும்பாலும் காட்டியிருக்க மாட்டார்கள். கூச்சம். நம் நெய்வேலி டவுன்ஷிப்பின் அமைப்பே அந்தக் கூச்சத்தை வளர்க்கிறது. வேலை செய்யும் இடம், குடியிருக்கும் குவார்ட்டர்ஸ், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வைத்தியம் பார்க்கும் ஜெனரல் ஹாஸ்பிட்டல் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள். ஓ.பி. வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் அதே செக்‌ஷன் ஆள், பின்னால் நிற்பவர் பக்கத்து வட்டத்துக்காரர். “என்னண்ணே, உடம்புக்கு என்ன?” என்று அக்கறையாகத்தான் கேட்பார்கள். முட்டி வலி என்றால் சொல்லிவிடலாம். இதை எப்படிச் சொல்வது? ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூலி போய்விடுமே என்ற கவலை வேறு. வயசுப் பையனுக்கோ அப்பாவிடம் சொல்லவே வாய் வராது. இப்படியே வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேரிகோசீல் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது எந்தக் கெடுதலும் செய்வதில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கின்றன, வேலை பார்க்கிறார்கள், முதுமைவரை நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில், அதே மாதிரி வீக்கமாகவோ வலியாகவோ வரும் வேறு சில நோய்கள் விரையைப் பறிக்கும், உயிரையே பறிக்கும். எது எது என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது. நான் பதறுவது அதனால்தான்.

ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாததை முதலில் சொல்கிறேன். திடீரென்று ஒரு பக்க விரையில் தாங்க முடியாத வலி, கூடவே அடிவயிற்று வலி, குமட்டல், வாந்தி. விரை வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்கும். இதற்கும் வேரிகோசீலுக்கும் சம்பந்தமில்லை. விரை தன் தண்டோடு முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கிறது. டாக்டர்கள் டார்ஷன் என்பார்கள். 12 முதல் 18 வயதுப் பையன்களுக்குத்தான் அதிகம் வருகிறது, தூங்கிக்கொண்டிருக்கும்போதுகூட வரும். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பத்துக்கு ஒன்பது விரைகளைக் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் ஓடிவிட்டால் பெரும்பாலும் அதை அகற்றத்தான் வேண்டியிருக்கும்.

பையன் வயிற்று வலி என்று மட்டும்தான் சொல்வான். கீழே வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வெட்கம். வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தால் விடிவதற்குள் விரை செத்துப்போயிருக்கும். தாய்மார்களே, வளர்ந்த பையன் நள்ளிரவில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால், கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள். அவன் ஆமென்று தலையசைத்தால் அப்பாவை எழுப்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரி எது அருகில் இருக்கிறதோ அங்கே முதலில் போங்கள். அங்கிருந்து கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பினால், சாலையில் போகும் நேரமும் அந்த 6 மணி நேரத்தில்தான் கழியும். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்காகக்கூடக் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்வதுதான் முறை.

அடுத்த எச்சரிக்கை 40 வயதைத் தாண்டியவர்களுக்கு. இத்தனை வருஷம் இல்லாத நாள வீக்கம் புதிதாகத் தோன்றினாலோ, படுத்த பிறகும் அது வடியாமல் அப்படியே நின்றாலோ, வலது பக்கம் மட்டும் வந்தாலோ, கண்டிப்பாக வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். இடது விரையின் சிரை நேராக இடது சிறுநீரகத்தின் சிரைக்குள் போய்ச் சேருகிறது. சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி வளர்ந்து அந்தச் சிரைக்குள் நுழைந்துவிட்டால், ரத்தம் வடிய வழியில்லாமல் கீழே விரைப்பையில் நாளங்கள் புடைக்கும். அதாவது நோய் மேலே இருக்கும், அடையாளம் கீழே தெரியும். சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது என்று ஏதாவது ஒன்று கூடச் சேர்ந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது, விரையிலேயே கெட்டியாக ஒரு கட்டி, வலியே இல்லாமல். வலி இல்லாததால்தான் அதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. விரைப் புற்றுநோய் பெரும்பாலும் இளைஞர்களைத்தான் பிடிக்கிறது, 15-லிருந்து 40-க்குள். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுசாகக் குணமாகிறார்கள். புற்றுநோய்களிலேயே இவ்வளவு நன்றாகக் குணமாகிறவை குறைவு. அப்படிப்பட்ட நோயைக் கூச்சத்தால் முற்றவிடுவதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

இனி வேரிகோசீலுக்கு வருவோம். பத்துக்கு ஒன்பது பேருக்கு இது இடது பக்கத்தில்தான் வருகிறது. வலது விரையின் சிரை வயிற்றிலுள்ள பெருஞ்சிரையில் சாய்வாக, சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிடும். இடது சிரை அதைவிட நீளம். இன்னும் மேலே ஏறி, சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் போய் முட்டும். மனிதன் நிமிர்ந்து நிற்கிறவன். அவ்வளவு உயரத்து ரத்தத்தின் பாரமும் கீழே அழுத்துகிறது. அது திரும்பி இறங்காமல் தடுக்கச் சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாவிட்டால் ரத்தம் பின்வாங்கி, விரையைச் சுற்றியுள்ள மெல்லிய நாளங்களில் தேங்கி அவற்றை விரிக்கிறது. பருவ வயதில்தான் இது பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. தொட்டுப் பார்க்கும் டாக்டர்கள் உலகம் முழுவதும் ஒரே உவமையைத்தான் சொல்கிறார்கள்: ஒரு பை நிறையப் புழுக்கள் நெளிவது போல.

விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் சூடு. விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பம் வேண்டும். விரைக்குள் இறங்கும் தமனியை இந்தச் சிரைகள் பின்னிச் சூழ்ந்திருக்கின்றன. மேலேறும் குளிர்ந்த ரத்தம், கீழே இறங்கும் ரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ரத்தம் தேங்கினால் இந்த ஏற்பாடு கெட்டு, விரை சூடாகிறது. வீக்கம் ஒரு பக்கம்தான் என்றாலும் சூடு இரண்டு விரைகளையுமே பாதிக்கக்கூடும். விந்தணுக்களின் எண்ணிக்கை குறையலாம், நீந்தும் வேகம் குறையலாம், சிலருக்கு விரையே கொஞ்சம் சுருங்கிப்போகலாம்.

கடலூர் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பமும் இதில் உண்டு. விரைப்பையையும் வீங்கவைக்கும் யானைக்கால் நோய் நெடுங்காலம் வாட்டிய பகுதி இது. அதற்கான டி.இ.சி. மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதனால் விரைப்பையில் எந்த வீக்கம் என்றாலும் பெரிசுகள் “ஓதம்டா அது” என்று முடித்துவிடுவார்கள். இன்னும் சிலர் “ஹிரணியாவா இருக்கும், பெல்ட் போட்டுக்கோ” என்பார்கள். ஓதம் என்பது விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது, டாக்டர்கள் ஹைட்ரோசீல் என்பார்கள். இருட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும். ஹிரணியா என்பது குடலிறக்கம். இருமினால் புடைக்கும், உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு வலியும் வாந்தியும் வந்தால் அதுவும் அவசர ஆபரேஷன்தான். மூன்றும் வேறு வேறு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. டாக்டர் நிற்கவைத்துத் தொட்டுப் பார்த்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, பிறகு படுக்கவைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் எது என்று சொல்லிவிடுவார். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்துதான் பத்து வருஷம் மறைக்கிறார்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதும் “என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?” என்று பெண்ணைத்தான் கேட்கிறார்கள். அரச மரத்தைச் சுற்றுபவள் அவள், திருக்கருகாவூர் கோயிலுக்கு நெய் வாங்கிப் போகிறவள் அவள், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வலியில் துடிப்பவளும் அவள்தான். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் குறை இருக்கிறது. முதல் குழந்தைக்கே சிரமப்படும் ஆண்களைப் பரிசோதித்தால் நூற்றுக்கு 35 முதல் 40 பேருக்கு வேரிகோசீல் தென்படுகிறது. ஆணுக்குச் செய்யும் முதல் சோதனையில் ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. ஒரு சின்ன டப்பாவில் விந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த டப்பாவைக் கையில் வாங்க மறுத்து, மனைவியை மட்டும் சோதனைக்கு மேல் சோதனைக்கு அனுப்பும் ஆண்கள் செய்வது அநியாயம். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை.

அந்தச் சோதனையையும் சரியாகச் செய்ய வேண்டும். அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவோ சுய இன்பமோ இருக்கக் கூடாது. லேப்பிலேயே எடுத்துக் கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்களும், அவற்றில் 42 சதவீதமாவது அசைவும் இருப்பது கீழ்வரம்பு. காய்ச்சல் வந்து எழுந்த மாதத்தில் எடுத்தால் அளவு குறைவாகத்தான் வரும். ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து உடைந்துபோகாதீர்கள், சில வாரம் கழித்து இரண்டாவது முறை கொடுங்கள்.

இப்போது நான் உரக்கக் கத்திச் சொல்ல வேண்டிய விஷயம். டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறவன் வேறு எங்கே போகிறான் தெரியுமா? மாசத்துக்கு ஒரு தேதியில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ஆளிடம் போகிறான். பஸ் ஸ்டாண்டு சுவரிலும் கழிப்பறைக் கதவிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துப் போகிறான். நம் பேச்சில் ரத்தக் குழாயும் நரம்புதான் என்பதால், “நரம்பு சுருண்டிருக்கு” என்று இவன் சொன்னவுடன் அந்த ஆள் “நரம்புத் தளர்ச்சி, அலட்சியமா விட்டா ஆண்மையே போயிடும் தம்பி” என்று பிடித்துக்கொள்வான். பிறகு லேகியம், எண்ணெய், பஸ்பம். பஸ்பத்தில் என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்லீரலும் சிறுநீரகமும் கெட்ட பிறகுதான் தெரியும். வேரிகோசீலால் ஆண்மை போய்விடாது தம்பி. வீங்கிய சிரையைச் சுருக்கும் மாத்திரையோ எண்ணெயோ எந்த வைத்தியத்திலும் கிடையாது. ஆங்கில மருத்துவத்தில் சிலருக்கு எழுதித் தரும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகூட நாளத்தைச் சுருக்காது.

ஹைட்ரோசீல், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு ஆகிய மூன்றையும் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய ஆட்சேபகர விளம்பரச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே மூன்றும் இருக்கின்றன. 70 வருஷம் ஆகியும் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காமல் நீங்களே விலகிக்கொள்ளுங்கள்.

அதே வலை இப்போது செல்போனிலும் விரிக்கப்படுகிறது. “தையலே இல்லை, லேசரில் வேரிகோசீல், இன்றே முன்பதிவு” என்று வருகிறது. யூராலஜி மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டு நெறிகளில் வேரிகோசீலுக்கு லேசர் சிகிச்சை என்று ஒன்று கிடையாது. ஜிம்முக்குப் போகும் பையன்களுக்கு இன்னொன்று: உடம்பு ஏற்றுவதற்கும் ஆண்மைக்கும் என்று போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. பிள்ளை வேண்டும் என்று இருப்பவன் அந்த ஊசியைத் தொடவே கூடாது.

விடியற்காலையில் பாரதி விளையாட்டரங்கத்திலும் டவுன்ஷிப் சாலைகளிலும் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்களே, உங்களுக்கும் இது பொருந்தும். ராணுவம், மத்திய ஆயுதக் காவல் படை வேலைகளுக்கு ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் வேரிகோசீல் என்று எழுதி நிறுத்தப்படும்போதுதான் பல பேருக்கு அந்தப் பெயரே காதில் விழுகிறது. தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு யு.பி.எஸ்.சி. வெளியிடும் அறிவிப்பிலேயே, முன்கூட்டியே சரிசெய்துகொண்டு வரச் சொல்லும் சிறு குறைகளின் பட்டியலில் ஹைட்ரோசீலும் வேரிகோசீலும் இருக்கின்றன. ஆகவே விண்ணப்பம் போடும்போதே ஒரு சர்ஜனிடம் காட்டிவிடுங்கள். இருக்கிறது என்றால் ஆபரேஷன் செய்து புண் ஆறி உடம்பு தேற நாள் கிடைக்கும். நிறுத்தப்பட்ட பிறகு பதறி, கிடைத்த இடத்தில் அவசரமாகக் கத்தி வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் நீர் கோத்துப்போய் மறுபடியும் மாட்டிக்கொள்கிறார்கள். மறுபரிசோதனைக்கு வாய்ப்பு உண்டா, எத்தனை நாள் கெடு என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையால் வருகிறதா என்று கேட்பார்கள். கனமான வேலையோ சூடான வேலையோதான் வேரிகோசீலை உண்டாக்குகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் ஏற்கனவே இருக்கிறவருக்கு நெடுநேரம் நிற்பதும் பாரம் தூக்குவதும் வலியைக் கூட்டும். வெப்பம் விந்தணுவைக் குறைக்கும் என்பது தனியாகத் தெரிந்த உண்மை. பாய்லர் பக்கம் நிற்பவர்கள், வெல்டர்கள், நாள் முழுக்க லாரி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவர்கள், பிள்ளைக்குத் திட்டமிடும் காலத்தில் டாக்டரிடம் தங்கள் வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை உண்டு. எப்படியும் டாக்டர் முன்னால் நிற்கப்போகிறீர்கள். அந்த நேரத்தில் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

சரி, வேரிகோசீல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்து என்ன? பல பேருக்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வலி இல்லை, விந்துப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஓரிரு வருஷத்துக்கு ஒரு தரம் விந்தைச் சோதித்துக்கொண்டால் போதும். லேசான வலி என்றால் இறுக்கமான ஜட்டியோ லங்கோடோ கட்டித் தாங்கிப் பிடித்துக்கொள்வது, நடுநடுவே உட்காருவது, தேவைப்பட்டால் டாக்டர் தரும் வலி மாத்திரை. பருவ வயதுப் பையனுக்கு இடது விரை வலதைவிட 20 சதவீதத்துக்கு மேல் சிறுத்திருந்தால் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். இல்லாவிட்டால் வருஷா வருஷம் அளந்து பார்ப்பார்கள்.

ஆபரேஷன் யாருக்கு? கையில் தட்டுப்படும் வேரிகோசீல் இருந்து, விந்துப் பரிசோதனையிலும் குறை இருந்து, பிள்ளைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு. அல்லது வேறு காரணம் எதுவும் இல்லாத, மாதக் கணக்கில் தீராத வலி உள்ளவர்களுக்கு. இங்கேதான் இன்னொரு பெரிய உஷார். கையில் தட்டாமல் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் 3 மில்லி மீட்டர் நாளம் தெரிகிறது என்பதற்காக ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனால் பலன் கிடைப்பதாக நிரூபணம் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் வந்துவிட்டதே என்று பதறி ஓடுகிறவர்களைக் கத்தி வைக்கச் சம்மதிக்கவைப்பது மிகச் சுலபம்.

ஆபரேஷனிலும் வகைகள் உண்டு. வித்தியாசம் சின்னதல்ல. 1918-இல் அர்ஜென்டினாவின் இவானிசெவிச்சும் 1949-இல் குவாத்தமாலாவின் பலோமோவும் எழுதிவைத்த முறைகள் நெடுங்காலம் நடந்தன. இடுப்புப் பக்கம் கீறி, வீங்கிய சிரையைக் கட்டிவிடுவார்கள். வெறும் கண்ணால் பார்த்துக் கட்டும்போது சில சிரைகள் தப்பிவிடும், சில சமயம் நிணநீர்க் குழாயும் கட்டுக்குள் மாட்டும். அதனால் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத் திரும்ப வருவதும், நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு ஹைட்ரோசீல் வருவதும் உண்டு. 1980-களிலிருந்து மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் முறை வந்தது. தொடை மடிப்புக்கு அருகே 2, 3 சென்டிமீட்டர் கீறல். பெரிதாக்கிப் பார்த்துத் தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் ஒதுக்கிவைத்துச் சிரைகளை மட்டும் கட்டுகிறார்கள். இதில் திரும்ப வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான், நீர் கோப்பது அதைவிடக் குறைவு. லேப்ராஸ்கோப்பி இந்த இரண்டுக்கும் நடுவில். கிடைக்குமென்றால் மைக்ரோஸ்கோப் முறைக்கே போங்கள் என்பேன், பக்கத்து ஊரில் இல்லாமல் ஜிப்மர் வரைக்கும் சென்னை வரைக்கும் விசாரிக்க வேண்டியிருந்தாலும். இது ஓடிப்போகும் அவசரம் இல்லை. விசாரிக்க நேரம் இருக்கிறது.

கீறலே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. கழுத்திலோ தொடையிலோ உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே பழுதான சிரைக்குள் சின்னக் கம்பிச் சுருளை வைத்து அடைத்துவிடுவது. எம்போலைசேஷன் என்பார்கள். மரத்துப்போகும் ஊசி போதும், ஓரிரு நாளில் நடமாடலாம். சிலருக்குக் குழாய் அந்த இடத்தை எட்டாமல் போகும். இதைச் செய்யும் ரேடியாலஜி நிபுணர்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வந்தவர்களுக்கு இது நல்ல வழி.

பலன் எவ்வளவு? தகுந்தவர்களுக்குச் செய்தால் பத்தில் ஆறேழு பேருக்கு விந்தின் தரம் கூடுகிறது. 1950-களில் எடின்பரோவைச் சேர்ந்த டல்லாக் என்ற டாக்டர், விந்தணுவே இல்லாத ஒருவருக்கு வேரிகோசீல் ஆபரேஷன் செய்த பிறகு அவர் குழந்தைக்குத் தகப்பனானதை எழுதிய பின்புதான் உலகம் இந்த வைத்தியத்தின் பக்கம் திரும்பியது. எல்லோருக்கும் அப்படி நடக்காது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 70 நாளுக்கு மேல் பிடிக்கிறது. அதனால் ஆபரேஷன் முடிந்து 3 மாதம் கழித்துத்தான் முதல் பரிசோதனை, 6 மாதத்தில் அடுத்தது. 15-ஆம் நாளே லேப்புக்குப் போய்ப் பார்த்து மனசு ஒடிய வேண்டாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் இந்தக் காத்திருப்பே நஷ்டமாகலாம். அப்போது ஆபரேஷனா, நேராகச் செயற்கைக் கருத்தரிப்பா என்பதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து டாக்டரிடம் கேட்க வேண்டும். கருத்தரிப்பு மையம் என்றால் 2021-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ஆபரேஷன் ஆனவர் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். ஸ்பேனரும் சம்மட்டியும் தூக்குபவர்கள், கன்வேயர் பக்கம் குனிந்து நிமிர்பவர்கள் மூன்று நான்கு வாரமாவது லைட் டியூட்டி எழுதி வாங்குங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சர்ஜனிடம் இவற்றைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். என் வேரிகோசீல் கையில் தட்டுகிறதா, ஸ்கேனில் மட்டும்தான் தெரிகிறதா? விந்துப் பரிசோதனையை இரண்டு தடவை பார்த்துவிட்டீர்களா? மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வீர்களா, இந்த மாதிரி எத்தனை செய்திருக்கிறீர்கள்? திரும்ப வந்தாலோ நீர் கோத்தாலோ என்ன செய்வீர்கள்? காப்பீட்டில் வருமா, கைக்காசு எவ்வளவு ஆகும்? செய்யாமலே விட்டால் எனக்கு என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், பேனாவை மூடிவைத்துவிட்டு இன்னொரு டாக்டரிடம் போங்கள்.